எந்த வயதில் நின்றது?

பெண் ஹார்மோனைக் கொடுத்து மாரடைப்பைத் தடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்க அரசு 1966இல் பெரும் பொருட்செலவில் ஒரு சோதனையைத் தொடங்கியது. 53 மருத்துவ மையங்கள், 8,341 நோயாளிகள். எல்லோரும் ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ளிட்ட சில மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்து, யாருக்கு மறுபடி வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்ப்பது திட்டம். அந்த 8,341 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைய கணக்கு எளிமையானது. நாற்பது, ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் ஆண். அதே வயதுப் பெண் விழுவதில்லை. அவளிடம் ஏதோ ஒன்று இருந்து காக்கிறது. அதை எடுத்து ஆணுக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் பெற்ற குழுவில் மாரடைப்பு குறையவில்லை, கூடியது. ரத்தக்கட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்தன. 1970இல் அந்தக் குழுவுக்கு மருந்தை நிறுத்தினார்கள். குறைந்த அளவு பெற்றவர்களுக்கும் 1973இல் நிறுத்தியாயிற்று. ஆண்களுக்கு மார்பு வீங்கியதெல்லாம் தனிக் கதை.

பெண்ணைக் காக்கும் பொருளை ஆணுக்கு ஊட்டிப் பார்த்த அந்த ஆண்டுகளில், அந்தப் பொருள் சுரப்பது நின்றுபோன பெண்ணின் இதயம் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு பணமோ கவனமோ கிடைக்கவில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. இதய மருத்துவரிடம் போகும் நடுவயதுப் பெண்ணிடம் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்று கேட்பவர்கள் குறைவு. அது மகப்பேறு மருத்துவரின் வேலை என்று எண்ணம். மகப்பேறு மருத்துவரோ இதயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இடையில் விழுந்து கிடக்கிறது அந்த ஒரு எண்.

அந்த எண்ணின் பெறுமானம் முதலில் தெளிவாகத் தெரிந்தது ஃப்ராமிங்ஹாம் என்ற சிற்றூரில். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் 1948இல் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பரிசோதித்து வந்தார்கள். ரத்த அழுத்தமும் கொலஸ்டிராலும் புகையும் இதயத்துக்கு ஆகாது என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களே காரணம். அவர்களில் பெண்கள் 2,873 பேர். 24 ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மாதவிலக்கு நிற்காத பெண்களில் ஒருவருக்குக்கூட மாரடைப்பு வந்திருக்கவில்லை; இதய நோயால் ஒருவரும் சாகவில்லை. நின்றவர்களிடம் இரண்டும் சாதாரணமாக இருந்தன. வயது ஏறியதால்தான் இந்த வித்தியாசம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரே வயதில் இருந்த இரண்டு பெண்களை எடுத்துக்கொண்டாலும், மாதவிலக்கு நின்றவருக்கே இதய நோய் அதிகம்.

அப்படியானால் சீக்கிரமே நின்றுபோனவர்களுக்கு?

உலக அளவில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 51. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 என்று வருகிறது. 40 முதல் 45 வயதுக்குள் நின்றால் மருத்துவம் அதைச் சீக்கிர மெனோபாஸ் என்கிறது. 40க்கும் முன்பே என்றால் அது இயல்பான நிகழ்வாகக் கருதப்படுவதில்லை. சினைப்பை தன் வேலையை அகாலமாக நிறுத்திக்கொண்டது என்று பொருள். நூறு பெண்களில் ஒருவருக்காவது இது நேர்கிறது. அரிய நோய் என்று சொல்லிவிட முடியாத எண்ணிக்கை.

பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதம் இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அதற்குப் பிறகு வரவு கிடையாது, செலவு மட்டும்தான். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருபவை ஏறக்குறைய நானூறு. மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் கரைந்துபோகின்றன. ஆயிரம் அளவுக்கு வந்து நிற்கும்போது மாதவிலக்கு நின்றுவிடுகிறது. கருமுட்டையைச் சுற்றியிருக்கும் செல்கள்தான் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பவை என்பதால், முட்டைகள் தீரும்போது ஹார்மோனும் தீர்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே கையிருப்பு குறைவு. டர்னர் குறைபாடு என்னும் எக்ஸ் குரோமோசோம் கோளாறு இருந்தால் அப்படி. சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதுபோலச் சினைப்பையையும் தாக்கும். புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்வீச்சும் கையிருப்பைச் சூறையாடும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று கடைசிவரை தெரிவதில்லை.

இனி ரத்தக் குழாய்க்கு வருவோம். குழாய் என்று சொல்வதால் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாய் நினைவுக்கு வருகிறது. அந்த நினைவு தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். தமனியின் உட்சுவர் உயிருள்ளது. ஒற்றைச் செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம் இதயத்திலிருந்து விரல் நுனிவரை உள்ளே பரவியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது இதயத் தசைக்கு ரத்தம் அதிகம் தேவைப்பட்டால், இந்தப் படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிது வெளியிடும். சில நொடிகளில் குழாயைச் சுற்றியிருக்கும் தசை தளர்ந்து, குழாய் அகலமாகும். ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் இதே வாயுதான். ஈஸ்ட்ரோஜன் இந்தப் படலத்தின் செல்களில் தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் அமர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியை முடுக்கிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் நொதி மந்தமாகிறது; குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரிய மறுக்கிறது.

கல்லீரலிலும் அதற்கு வேலை உண்டு. கெட்ட கொலஸ்டிரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளை அது கல்லீரலில் கூட்டிவைத்திருக்கும். மாதவிலக்கு நிற்கும்போது அந்தப் பிடிப்பு தளர்கிறது. 1990களின் நடுவில் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு, கடைசி மாதவிலக்குக்கு ஓராண்டு முன்னும் பின்னுமான அந்தக் குறுகிய இடைவெளியில் எல்.டி.எல். சட்டென்று ஏறுவதைக் காட்டியது. ரத்த அழுத்தமும் உடல் எடையும் வயதோடு சேர்ந்து மெல்ல ஏறுகின்றன. கொலஸ்டிரால் அப்படியில்லை, அது சினைப்பையின் நாட்காட்டியைப் பார்த்து ஏறுகிறது. இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதும் இந்தக் காலத்தில்தான்.

ஈஸ்ட்ரோஜன் பெண்ணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை ஓர் ஆண் வந்து உடைத்தார். 1994இல் மருத்துவ இதழ் ஒன்றில் அவரைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். உடலில் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருந்தும் அதை ஏற்கும் ஏற்பி மரபணுக் கோளாறால் வேலை செய்யவில்லை. அதனால் எலும்பு முனைகள் மூடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய இதயத் தமனிகளைப் பார்த்தபோது, முப்பதைச் சற்றே தாண்டிய அந்த வயதில் அங்கே தமனித் தடிப்பு தொடங்கியிருந்தது. ஒரே ஒரு மனிதரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் மறக்க முடியாத மனிதர்.

இனி எண்கள். 2019இல் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. முதலாவது, பல நாடுகளின் 15 ஆய்வுகளிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. 50, 51 வயதில் இயல்பாக நின்றவர்களோடு ஒப்பிட்டால், 40க்கு முன் நின்றவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம். 40 முதல் 44க்குள் என்றால் 30 சதவீதம். 45 முதல் 49க்குள் என்றால் 12 சதவீதம். படிக்கட்டுபோல இறங்குகிறது. அறுபது வயதுக்கு முன்னதாக வரும் நோயை மட்டும் எடுத்துக்கொண்டால், 40க்கு முன் நின்றவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எழுபதைத் தாண்டிவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆபத்து இளம் வயதில்தான் குவிந்திருக்கிறது. யாரும் எதிர்பார்க்காத வயதில்.

இரண்டாவது ஆய்வு பிரிட்டனில் 1,44,260 பெண்களைப் பார்த்தது. 40க்கு முன் இயற்கையாக நின்றவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய்கள் 36 சதவீதம் அதிகம். அந்த வயதுக்குள் அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கோ 87 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துப் பதறிவிடக் கூடாது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அடிப்படையில் மிகக் குறைவு. அதைவிட ஐம்பது சதவீதம் அதிகம் என்றாலும் அது சிறிய எண்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தலைப்புப் போடும் செய்தித்தாள்கள் செய்வது மருத்துவச் சேவை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சினைப்பை நின்றதால் இதயம் கெடுகிறதா, அல்லது ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே கெட்டிருந்ததால் சினைப்பை சீக்கிரம் நின்றதா? சினைப்பைக்கும் ரத்தம் போகத்தானே வேண்டும்! 2006இல் ஃப்ராமிங்ஹாம் பெண்களின் பழைய தகவல்களை மறுபடி புரட்டியவர்கள், இளம் வயதிலேயே கொலஸ்டிராலும் ரத்த அழுத்தமும் கூடியிருந்தவர்களுக்கு மாதவிலக்கு முன்கூட்டியே நின்றிருப்பதைக் கண்டார்கள். அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே சினைப்பை தானாக நிற்கவில்லை. கத்தி வைத்து எடுத்திருக்கிறார்கள். 1987இல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு ஹார்மோன் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு இதய நோய் இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை.

அறுவை சிகிச்சை என்று வந்துவிட்டால் நம் நாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2015-16இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திரத்தில் இது 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7. எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு அப்போது வயது முப்பத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரே அரிவாள் என்று கணக்குப் பண்ணித்தான் அங்கே முன்பணம் தருவார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு என்பது அந்தப் பெண்களுக்கு அபராதம் கட்டும் நாள். அதனால் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டு வந்தார்கள். வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் 'புற்றுநோய் ஆகிவிடும்' என்று பயமுறுத்தி எடுத்த கதைகளும் ஏராளம். அரசு அமைத்த குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை இல்லாதவர்கள். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றிய வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

'கர்ப்பப்பையைத்தானே எடுத்தார்கள், சினைப்பை இருக்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சினைப்பையை விட்டுவைத்தால் ஹார்மோன் தொடரும் என்பது உண்மை. ஆனால் கர்ப்பப்பையோடு சேர்த்துக் கட்டப்படும் ரத்தக் குழாய்களில் சினைப்பைக்குப் போகும் கிளைகளும் உண்டு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்த பெண்களை எடுக்காத பெண்களோடு ஒப்பிட்டுச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எடுத்தவர்களின் சினைப்பை ஓய்ந்துபோகும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. மாதவிலக்குதான் ஏற்கெனவே இல்லையே. எனவே சினைப்பை எப்போது ஓய்ந்தது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டுவதையும் படபடப்பையும் 'ஆபரேஷன் பண்ணின உடம்பு' என்று சொல்லிக் கடந்துவிடுவார். பிள்ளை பெற்று முடித்துவிட்டால் பிறகு அந்த உறுப்புகளால் என்ன பயன் என்று கேட்கும் மருத்துவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதயத்தைப் பற்றியாவது இவ்வளவு பேசியிருக்கிறார்கள். நுரையீரலை நினைத்தவர்கள் மிகச் சிலர். பெர்கன் என்ற நார்வே நகரத்தின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காய் டிரீப்னர் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைக் கொஞ்சம் போக்கியது. ஐரோப்பாவின் பல நகரங்களில் 1,438 பெண்களை இருபது ஆண்டுகள் இடைவிட்டு இடைவிட்டுக் கூப்பிட்டு, ஸ்பைரோமெட்ரி செய்து பார்த்த தகவல்கள் அவர்களிடம் இருந்தன.

ஸ்பைரோமெட்ரி செய்துகொண்டவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழலை வைத்து, 'நல்லா மூச்சை இழுங்கம்மா, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க' என்று டெக்னீஷியன் விரட்டுவார். கண் இருட்டிக்கொண்டு வரும். முதல் நொடியில் வெளிவரும் காற்று எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு என்று இயந்திரம் கோடு வரையும். குழாய்கள் சுருங்கியிருந்தால் முதல் எண் குறையும். நுரையீரலின் கொள்ளளவே குறைந்தால் இரண்டாவது எண் குறையும்.

இருபத்தைந்து வயதுக்குப் பிறகு எல்லோருக்கும் இரண்டு எண்களும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் குறையும், அது மூப்பு. பெர்கன் குழுவினர் கண்டது, மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகிறது என்பது. நின்றுவிட்டவர்களுக்கு மொத்தக் கொள்ளளவு, வயதால் குறைவதைவிட ஆண்டுக்குச் சுமார் 12 மில்லிலிட்டர் கூடுதலாகக் குறைந்தது. மூன்று லிட்டருக்கு எதிரே 12 மில்லி என்ன பெரிது என்று தோன்றும். சேர்ந்துபோனால் அது, தினம் 20 சிகரெட் வீதம் பத்து ஆண்டுகள் புகைத்தால் குறையும் அளவுக்குச் சமம் என்று அவர்களே ஒப்பிட்டிருக்கிறார்கள். சிகரெட்டையே தொடாத பெண்ணுக்கும் இது பொருந்தும். ஓரிடத்தில் சிகரெட்டோடு ஒப்புமை முறிகிறது. சிகரெட் மூச்சுக்குழாய்களைச் சுருக்கும். இங்கே அதிகம் பாதிக்கப்பட்டது கொள்ளளவு.

ஏன்? ஒரு விடை எலும்பில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத முதுகெலும்பு மெல்ல மெல்ல நசுங்கும். உயரம் ஓர் அங்குலம் குறையும், முதுகு வளையும், விலா எலும்புக்கூடு சுருங்கும். நுரையீரல் விரிய இடம் போதாது. இன்னொரு விடையை டொனால்ட் மசாரோ, குளோரியா மசாரோ என்ற இணையர் வாஷிங்டனில் சுண்டெலிகளிடம் தேடினார்கள். சினைப்பையை எடுத்த எலிகளின் நுரையீரலில் காற்றறைகள் குறைந்தன. ஆக்சிஜன் உள்ளே வரும் பரப்பு சுருங்கியது. அதே எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது காற்றறைகள் மீண்டும் உருவாகின. மனித நுரையீரலிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று உறுதியாகச் சொல்ல அது மட்டும் போதாது. ஆனால் சீக்கிரம் மாதவிலக்கு நின்றவர்களுக்கு சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அதிகம் வருவதை மனிதர்களிடம் நடந்த பெரிய கணக்கெடுப்புகளும் காட்டுகின்றன. 40க்கு முன் நின்றவர்களுக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல்.

நுரையீரலின் கதை இதயத்தின் கதைபோல ஒரே திசையில் போவதில்லை. ஆஸ்துமாவில் ஈஸ்ட்ரோஜன் வேறு முகம் காட்டும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் இழுப்பு அதிகமாகும் பெண்களை எல்லா நுரையீரல் மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள். மாதவிலக்கு நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட அமெரிக்கச் செவிலியர்களிடம் புதிதாக ஆஸ்துமா வருவது கூடியிருந்தது. நுரையீரல் தேய்கிறது என்பதற்காக மட்டும் ஹார்மோன் கொடுக்கும் வழக்கம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயம், நுரையீரல், சினைப்பை மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்கும் பொருள் ஒன்று உண்டு. அது புகை. புகைக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாக நிற்கிறது. 2001இல் இதற்கு மூலக்கூறு அளவில் விளக்கம் கிடைத்தது. எதை எரித்தாலும் முழுதாக எரியாதபோது உண்டாகும் ஹைட்ரோகார்பன் நச்சுகள் கருமுட்டைக்குள் ஓர் ஏற்பியைப் பற்றிக்கொண்டு, தற்கொலை மரபணுவை முடுக்கிவிடுகின்றன. முட்டை தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. சிகரெட்டில் இருக்கும் அதே வகை நச்சுகள் விறகுப் புகையிலும் வறட்டிப் புகையிலும் இருக்கின்றன. சென்னை ஸ்ரீராமச்சந்திராவின் ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் முப்பது வயது தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சிஓபிடி இருந்தது. பீடியையே தொடாதவர்களுக்கு! அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்து கழிந்த ஆண்டுகளின் விளைவு அது. மானிய கேஸ் இணைப்பு வீட்டுக்கு வந்துவிட்டாலும், சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகையே வைக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ.

நாற்பத்திரண்டு வயதில், மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டு ஆன பெண் ஒருத்தி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காரணம் இதயமாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். வீட்டில் சொல்வது 'வெயிட் போட்டுட்டே, அதான்'. நெஞ்சு கரிக்கிறது என்றால் ஓமத் தண்ணீர். தோள்பட்டையும் தாடையும் வலித்தால் தைலம். பெண்களுக்கு வரும் மாரடைப்பு பல நேரம் இப்படித்தான் வரும்: நெஞ்சு வலியோடு மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி, முதுகிலும் தாடையிலும் வலி. வாயு என்று சொல்லி ஆறு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களில் பெண்களே அதிகம். இந்த வயதில் உனக்கா மாரடைப்பு என்று அவசரப் பிரிவிலேயே கேட்டுத் திருப்பி அனுப்பும் அறியாமையும் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? ஹார்மோன் சிகிச்சை என்றவுடன் பலரும் பின்வாங்குவதற்கு 2002 ஜூலை ஒரு காரணம். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்துகொண்டிருந்த பெரிய சோதனையை அப்போது பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் வீதம் மார்பகப் புற்றுநோயும், ஏழு பேர் வீதம் இதய நோயும் கூடுதல். உலகமே மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அந்தச் சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது தலைப்புச் செய்தியில் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஹார்மோன் இல்லாமல், தமனியில் ஏற்கெனவே கொழுப்பு படிந்துவிட்ட உடல்கள் அவை. 2016இல் வெளிவந்த 'எலைட்' சோதனை, மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜனைத் தொடங்கினால் கழுத்துத் தமனி தடிப்பது மெதுவாகிறது, பத்து ஆண்டுக்குப் பிறகு தொடங்கினால் பயனில்லை என்று காட்டியது.

முப்பத்தாறு வயதில் சினைப்பை ஓய்ந்தவருக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன், 63 வயதுப் பாட்டிக்குக் கொடுத்ததைப் போன்றது இல்லை. உடலில் அந்த வயதில் இருந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பித் தருகிறோம். அதனால் 40க்கு முன் நின்றவர்கள், தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதான ஐம்பதுவரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளலாம் என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் எல்லாம் சொல்கின்றன. தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தால் கல்லீரலைத் தாண்டிப் போவதால் ரத்தம் உறையும் அபாயம் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. ரத்தக்கட்டு வந்தவர்கள் மருத்துவரிடம் தனியே பேசி முடிவெடுக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் மருந்து இல்லை இது.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மற்ற வேலைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் ஐம்பது வயதுவரை காத்திருக்காமல் அப்போதே பார்க்கத் தொடங்க வேண்டும். அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்களின் 2018 கொலஸ்டிரால் வழிகாட்டுதல், 40க்கு முன் மாதவிலக்கு நிற்பதை அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தரலாமா என்று தயங்கும் இடத்தில் அது தராசைச் சாய்க்கும். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஈசிஜி, எக்கோவோடு நிறுத்திக்கொள்ளாமல் ஸ்பைரோமெட்ரியும் கேட்டு வாங்க வேண்டும். நாற்பதுக்குள் நான்கு மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால், 'வரும்போது வரட்டும்' என்று இருக்காமல் சினைப்பை ஓய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வீட்டுக்குள் புகைக்கும் கணவரை வெளியே அனுப்புவதும் சிகிச்சையில் அடக்கம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் அவர்களிடம், வெள்ளைக் கோட்டு போட்ட ஆணிடம் சொல்லக் கூச்சப்படுவதை நம் பெண்கள் சொல்லிவிடுவார்கள். எந்த வயதில் நின்றது, தானாக நின்றதா, ஆபரேஷனா, சினைப்பையையும் எடுத்தார்களா என்ற கேள்விகளை அவர்கள் எல்லாப் பெண்களிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஒரு காசு செலவில்லாமல் எத்தனையோ பேரை முன்கூட்டியே இனம் கண்டுவிடலாம்.

அதுவரை வாசகர்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ மாதவிலக்கு 45க்கு முன் நின்றிருந்தால், அந்த வயதை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கர்ப்பப்பை எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.